பன்னிரண்டு முழுக் கம்பிகள்

அத்தியாயம் 14

போன வாரம் இசைவாணியைச் சிதம்பரத்து ஆபீஸில், செல்போன் அடிக்க அடிக்க விட்டுவிட்டு வந்துவிட்டோம். எடுத்துப் பேசட்டும், பாவம். அதற்குள் புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கூடவே வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள் கண்ணுங்களா.

இசைவாணி சிவில் டிப்ளமோ படித்தவள். குறிஞ்சிப்பாடியில் இரும்புக் கடை வைத்திருக்கும் சேரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவளை வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்த அன்று, வீட்டை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போனவன் அவன். இருட்டும் வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றவள், மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கடலூருக்கு, அப்பா அம்மாவிடம் வந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஆகிறது. அந்த வேலைக்குத்தான் தினமும் பஸ் ஏறிச் சிதம்பரம் போகிறாள். ஒரு இன்ஜினீயரிடம் எஸ்டிமேட் போடும் வேலை.

அப்பா சிங்காரம் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த பணத்தில் கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் வீடு கட்டுகிறார். கீழே அவருக்கும் அம்மா லோகநாயகிக்கும். தை பிறந்ததும் மேலே ஒரு வீடு, இசைவாணிக்கும் பாப்பாவுக்கும். "மேல ஒன் வீடு. சாவி ஒன்கிட்டதான் இருக்கும்" என்று பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரண்டு வருஷமாக நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

இப்போது போனை எடுத்துவிட்டாள்.

"இசை, சாப்ட்டியா?"

மணி பதினொன்று கூட ஆகவில்லை. சந்தோஷம் தாங்காதபோது அப்பாவுக்கு நேரம் தெரியாது. நாளைக் காலையில் கூரைக்குக் காங்கிரீட். கம்பி கட்டி முடிந்துவிட்டது, மிக்ஸர் மிஷின் சாயங்காலமே வந்துவிடும், ஆள் இருபத்திரண்டு பேர், மத்தியானத்துக்குப் பிரியாணி சொல்லியாகிவிட்டது என்று அடுக்கினார். பெண் போட்டுக் கொடுத்த எஸ்டிமேட்டை அவர் மனப்பாடமாக வைத்திருந்தார். பதினாறு யூனிட் மணல், முந்நூற்று அறுபது மூட்டை சிமென்ட், பதினெட்டாயிரம் செங்கல், மூன்றேகால் டன் கம்பி. பார்க்கிறவர்களிடமெல்லாம் ஒப்பிப்பார். என் பொண்ணு கணக்கு ஒரு செங்கல் தப்பாது என்பார்.

"ஆனா ஒன் கணக்கையே நான் ஜெயிச்சிட்டேன் தெரியுமா? பன்னெண்டு கம்பி மிச்சம் புடிச்சிருக்கேன். பதினாறு எம்.எம். முழுசு முழுசா கெடக்குது, ஒரு வெட்டு படல."

இசைவாணியின் கையிலிருந்த பேனா நின்றது.

"எத்தினின்னு சொன்னீங்க?"

"பன்னெண்டு. மேல கட்டும்போது ஆவும்ல?"

ஆகும் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த கையோடு, நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் பீரோவின் சாவியைத் தேடினாள்.

ஏன் என்று கேட்பீர்கள். மிச்சமானால் நல்லதுதானே என்று எனக்கும் தோன்றும். ஆனால் நாற்பது ஐம்பது வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டவளுக்கு ஒன்று தெரியும். எந்த வீட்டிலும் கம்பி மிஞ்சும். ஆனால் துண்டாகத்தான் மிஞ்சும். கை நீளம், முழ நீளம், பழைய இரும்புக்காரனுக்கு எடை போடுகிற துண்டுகள். நாற்பதடிக் கம்பி முழுசாக மிஞ்சாது. மிஞ்சினால் அது போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

பீரோவைத் திறந்து அப்பா வீட்டுப் படத்தை எடுத்தாள். பில்லர் படம். ஓரத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம், வரைந்த வாரத்திலேயே அவள் தெரியாமல் வைத்த டீ கிளாஸின் தடம். அப்பாவுக்கும் மேஸ்திரிக்கும் அதற்கு முன்பே நகல் எடுத்துக் கொடுத்தாகிவிட்டது. அதனால் கறை ஆபீஸ் படத்தில் மட்டும்தான் இருந்தது. பில்லரைக் குறுக்கே வெட்டிக் காட்டும் கட்டத்துக்குள் ஆறு புள்ளி. ஒரு பில்லருக்கு ஆறு கம்பி. கீழேயிருந்து மேல் வரை ஒவ்வொன்றும் இருபதடி.

இரண்டு கம்பி போடாமல் விட்டால் நாற்பதடி. அதாவது ஒரு முழுக் கம்பி.

பில்லர் பன்னிரண்டு. மிச்சம் பன்னிரண்டு.

இன்ஜினீயரிடம் அரை நாள் லீவு கேட்டாள். முகத்தைப் பார்த்தவர் காரணம் கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்கவில்லை. பி.முட்லூர் வரும் வரை வேறு காரணம் தேடினாள். கடையில் அதிகமாக ஏற்றிவிட்டிருப்பானோ? இல்லை, எடைச்சீட்டை அவளே சரிபார்த்தாள். பீமுக்கான கம்பியாக இருக்குமோ? போன ஞாயிற்றுக்கிழமை பீம் கம்பியை அவளே ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். எல்லாம் சரியாக இருந்தது.

பில்லரை எண்ணினாயா என்று தன்னையே கேட்டபோது பஸ் புதுச்சத்திரத்தில் நின்றது.

எண்ணவில்லை. சித்திரையில் அஸ்திவாரம் போட்டபோது பாப்பாவுக்கு அம்மை. வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. பூஜை போட்ட மனையில் நீ கால் வைக்கக் கூடாது, ஆத்தா கோபித்துக்கொள்வாள், அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணி ஊற்றுகிற வரைக்கும் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்று அம்மா சொல்லிவிட்டாள். மூன்று வாரம். பாப்பாவுக்கு மூன்றாம் தண்ணி ஊற்றி இவள் மனைக்குப் போனபோது பன்னிரண்டு பில்லரும் எழும்பி நின்றன. தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிக்குத் துரு ஏறாமலிருக்கச் சாக்கு சுற்றிக் கட்டியிருந்தது. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்தவர் வீட்டுக்கெல்லாம் எண்ணுகிறவள், தன் வீட்டில் சாக்கைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

மஞ்சக்குப்பம் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. வாசல் பக்கம் மதில் ஓரமாக அந்தப் பன்னிரண்டு கம்பிகளும் படுத்துக் கிடந்தன. அப்பா செங்கல் முட்டுக் கொடுத்து, தரையில் படாமல் அடுக்கி வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. நாளைக்கு லீவு போட்டவள் இன்றைக்கே வந்துவிட்டாளே என்று மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏணியில் ஏறினாள். காங்கிரீட்டைத் தாங்க அடித்திருந்த சென்டரிங் பலகை மேல் கம்பி வலை போலப் பரந்திருந்தது. குறுக்குக் கம்பிகளுக்கு இடையில் கால் பதித்து நடந்து, தெருப்பக்கத்து மூலை பில்லருக்குப் போய்ச் சாக்கை அவிழ்த்தாள்.

நாலு.

அடுத்ததற்குப் போனாள். நாலு. மூன்றாவது சாக்கை அவள் அவிழ்க்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயிலில் கம்பி கொதித்தது, அவளுக்கு உறைக்கவில்லை.

மேஸ்திரி கொளஞ்சி பின்னாலேயே ஏறி வந்திருந்தான். முப்பது வருஷமாகக் கொத்து வேலை பார்க்கிறவன், பொய் சொல்லத் தெரியாதவன். அவள் கேட்பதற்கு முன்பே அவன் முகம் செத்துவிட்டது.

"படத்துல ஆறு இருக்குல்லண்ணே?"

"இருக்கு தங்கச்சி."

"அப்பறம்?"

அவன் கீழே பார்த்தான். அப்பா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கொளஞ்சி குரலைத் தாழ்த்தினான்.

"மேல மாடி வரலன்னுட்டாங்க. கீழ் வீடு மட்டும்னா நாலு தாராளம். அதான் போட்டேன்."

"யாரு சொன்னது?"

"ஒங்கம்மா."

அந்த நேரம் பார்த்து லோகநாயகி ஒரு கையில் தூக்குவாளியும் ஒரு கையில் டம்ளர்களுமாக வேலைக்காரர்களுக்கு டீ கொண்டு வந்தாள். மேலே மகளைப் பார்த்தாள். அவிழ்த்துக் கிடந்த சாக்குகளையும் பார்த்தாள். தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டு, டம்ளர்களை வைக்க மறந்து நின்றாள்.

இசைவாணி இறங்கி வந்தாள். சத்தம் போடவில்லை. அப்பா, இந்தப் பன்னிரண்டு கம்பியும் மிச்சமில்லை, நம் பில்லருக்குள் இருக்க வேண்டியது என்று மட்டும் சொன்னாள். சிங்காரத்துக்கு முதலில் புரியவில்லை. எஸ்டிமேட்டில் அப்படி எழுதவில்லையே என்றார். உண்மைதான், எஸ்டிமேட்டில் மொத்த டன்தான் இருந்தது. பில்லருக்கு எத்தனை என்பது படத்தில் இருந்தது. அவர் மொத்தத்தை மனப்பாடம் செய்தவர். பன்னிரண்டு பில்லருக்கும் ஏறி ஏறிச் சாக்கு கட்டியவரே அவர்தான். ஒவ்வொன்றிலும் நாலு கம்பியைக் கையில் சேர்த்துப் பிடித்திருக்கிறார்.

புரிந்தபோது அவர் மனைவியைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"கரண்ட்டுல மூணு பேஸ்ல ஒண்ணு போச்சின்னா வெளக்கு மங்கிடும் இசை, அப்பவே தெரிஞ்சிடும்" என்றார். "இது தெரியவே தெரியாதே."

லோகநாயகி பேச ஆரம்பித்தாள். முதலில் கம்பி விலையைச் சொன்னாள். பிறகு அதை விட்டுவிட்டாள். டம்ளர்கள் கையில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டே இருந்தன.

"மேல ஒரு அடுப்பு எரிஞ்சிட்டா நீ அப்பறம் குறிஞ்சிப்பாடிக்குப் போவவே மாட்ட. எனக்கு ஒரே பொண்ணு. நாங்க ரெண்டு பேரும் போனப்பறம் ஒனக்கு யாரு இருக்கா? மாடி இல்லன்னா, எடம் பத்தலன்னா, நீயா மனசு மாறிப் போவேன்னு நெனச்சேன். அவ்ளோதாம்மா."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா சண்ட போடுவ."

"கீழ் வீட்டோட நிறுத்திக்கலாம்னு அப்பாகிட்டயாவது?"

"அவுரு ஒன் பக்கம்."

இசைவாணி அம்மாவின் கையிலிருந்து டம்ளர்களை வாங்கி ஓரமாக வைத்தாள். பிறகு அவள் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"நீ எங்க யார்கிட்டயும் சொல்லல. மேஸ்திரி நாளைக்கி முடிச்சிட்டு வேற வேலைக்குப் போயிடுவாரு. தை மாசம் நாங்க மேல கட்டியிருப்போம்மா. நாலு கம்பின்னு தெரியாம கட்டியிருப்போம். அப்பா கணக்கு பாத்து மணல் எறக்கியிருப்பாரு. நானும் பாப்பாவும் மேல படுத்துத் தூங்குவோம். கீழ நீங்க ரெண்டு பேரும்."

லோகநாயகி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"ஒடனே விழாது. ஒரு வருஷம் நிக்கும், பத்து வருஷமும் நிக்கலாம். என்னிக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது."

அந்தத் தாய் இதை யோசிக்கவே இல்லை கண்ணுங்களா. கம்பி இல்லாவிட்டால் மாடி வராது, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. கம்பி இல்லாமலே மாடி வந்துவிடும் என்பது அவள் புத்தியில் படவே இல்லை. மகளைத் திருப்பி அனுப்ப நினைத்தவள், பேத்தி தூங்குகிற கூரையைத் தன் வாயால் பலவீனமாக்கியிருக்கிறாள். மணல் குவியலில் அப்படியே சாய்ந்து உட்கார்ந்தாள். கண் நிலை குத்தியிருந்தது. கொளஞ்சி ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டு வந்தான். அவள் குடிக்கவில்லை.

தூக்குவாளியில் டீ ஆறிக்கொண்டிருந்தது.

சிங்காரம்தான் முதலில் அசைந்தார். இப்போது என்ன செய்வது என்று மகளைக் கேட்டார். வீட்டை இடிக்க வேண்டுமா என்றும் கேட்டார். இடிக்க வேண்டாம் என்றாள் இசைவாணி. பில்லரைச் சுற்றி அடி வரைக்கும் தோண்டி, மேல் பூச்சைக் கொத்தி, வெளியே கம்பி நிறுத்தி, சுற்றிலும் காங்கிரீட் போட்டுப் பருமனாக்க ஒரு முறை இருக்கிறது. அது இந்த மண்ணுக்கும் இந்த அஸ்திவாரத்துக்கும் ஆகுமா என்பதை இன்ஜினீயர் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆகாது என்று சொல்லிவிட்டால் மாடி இல்லை. அவர் சொல்லும் வரைக்கும் இந்தக் கூரை மேல் ஒரு சட்டி காங்கிரீட்கூட விழக் கூடாது.

சிங்காரம் மிக்ஸர்காரருக்குப் போன் செய்யத் தெருப்பக்கம் நடந்தார். நாளைக்கு வேண்டாம் என்று சொல்லும் சத்தம் கேட்டது. ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. "கணக்குல ஒரு பிசகு" என்றார். "எங்க வீட்டுப் பிசகு."

இசைவாணிக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அம்மாவுக்கு எட்டு எம்.எம். கம்பிக்கும் பதினாறு எம்.எம். கம்பிக்கும் வித்தியாசம் தெரியாது. மேஸ்திரியிடம் திரும்பி, நாலு போதும் என்று அம்மாவிடம் நீங்கள் சொன்னீர்களா என்று கேட்டாள்.

கொளஞ்சி இல்லை என்று தலையை ஆட்டினான். "நான் ஒண்ணுமே சொல்லல தங்கச்சி. அவுங்களாதான் வந்தாங்க. ஆறு வேணாம், நாலு போடு, ரிங்கையும் அதுக்குத் தக்கன கட்டுன்னாங்க. எனக்கே ஆச்சரியமா இருந்திச்சி. நீதான் சொல்லியனுப்பியிருக்கன்னு நெனச்சிட்டேன்."

ரிங். பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். அந்தச் சொல்லை அம்மா தன் வாழ்நாளில் சொல்லி இவள் கேட்டதில்லை.

"ஒனக்கு யாரும்மா சொல்லிக் குடுத்தா?"

லோகநாயகி இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை எடுத்தாள். முடிச்சு அவிழ நேரமானது. எட்டாக மடித்த ஒரு காகிதம், மடிப்பில் கிழிந்து, வெற்றிலை வாசத்தோடு வெளியே வந்தது. அதை மகளிடம் கொடுத்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். சித்திரையில், அம்மை இறங்குவதற்கு முன்னால், பாடலீஸ்வரர் கோயிலில் மாப்பிள்ளை வந்து நின்றாராம். அழுதாராம். வீட்டைப் பூட்டியது தப்பு என்றாராம். மாடி கட்டிவிட்டால் என் குடும்பம் எனக்கு இல்லை என்றாராம்.

"இதக் குடுத்து, மேஸ்திரிகிட்ட இப்பிடிச் சொல்லுங்க அத்தைன்னாரு. கம்பியும் மிச்சம், பொண்ணும் வந்துடும்னாரு. மேல கட்டுனா என்னா ஆவும்னு நான் கேக்கல. அவுரும் சொல்லல."

இசைவாணி காகிதத்தைப் பிரித்தாள். பில்லர் படத்தின் ஜெராக்ஸ். கட்டத்துக்குள் ஆறு புள்ளி. அதில் இரண்டின் மேல் நீல மையில் பெருக்கல் குறி, பக்கத்தில் ரிங் அளவு திருத்தி எழுதியிருந்தது. குறிஞ்சிப்பாடிக் கடையின் பில் புத்தகத்தில் ஆயிரம் தடவை பார்த்த கையெழுத்து. பன்னிரண்டு வருஷமாகக் கம்பி விற்கிறவன். எத்தனை கம்பி எதைத் தாங்கும் என்று வாங்க வருகிறவர்களுக்கே சொல்லிக் கொடுக்கிறவன். அத்தை கேட்காததும் அவன் சொல்லாததும் என்ன என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்கு மேல் ஒன்றைப் பார்த்தாள்.

காகிதத்தின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம். டீ கிளாஸின் தடம்.

இது அப்பாவிடம் இருந்த நகல் இல்லை. மேஸ்திரியிடம் இருந்ததும் இல்லை. சிதம்பரத்தில், அவள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கிற பீரோவிலிருந்து யாரோ எடுத்து, நகல் பிடித்து, திரும்ப அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். பீரோவுக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம். இன்னொன்று யாரிடம் என்று அவளுக்குத் தெரியும். இன்றைக்குக் காரணம் கேட்காமல் லீவு கொடுத்தவரிடம். அந்த ஆள்தான் வந்து பில்லரைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இப்போது, இந்த வாயால், அப்பாவிடம் சொல்லி முடித்திருக்கிறாள்.

அவள் காகிதத்தை மடித்தாள். எட்டாக, அதே மடிப்பில்.

தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். மணலிலிருந்து எப்போது எழுந்தாள் என்று தெரியவில்லை, ஏணிப் பக்கமே போகாத லோகநாயகி கூரை மேல் நின்றுகொண்டிருந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பிகளுக்கு நடுவே தடுமாறித் தடுமாறி நடந்து, மூன்றாவது பில்லரின் சாக்கை அவிழ்த்தாள். ஒவ்வொரு கம்பியாகத் தொட்டாள்.

"நாலு" என்றாள்.

சிங்காரம் போனைக் காதில் வைத்தபடியே நின்றுவிட்டார். கொளஞ்சி அவளை இறங்கச் சொல்லப் போனான். இசைவாணி வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

லோகநாயகி அடுத்த பில்லருக்கு நடந்தாள். குனிந்தாள். தொட்டாள்.

"நாலு."

இன்னும் எட்டு பில்லர் இருந்தன.